வாடகை வீட்டில் என்-கேஜ் ரயிலுக்கு ரெடிமேட் மேசை: எதை வாங்கலாம்?

தாம்பரம்_லோக்கல்:

வணக்கம். ஆறு மாதமாகத் தரையில் விரித்து ஓட்டிக்கொண்டிருக்கும் மாடல் ரயிலை மேசைக்கு ஏற்ற வேண்டும். வைத்திருப்பது ஜப்பான் கம்பெனி கேட்டோவின் என்-கேஜ் (9 மி.மீ. தண்டவாளத்தில் ஓடும் சின்ன மாடல்), அதே கம்பெனியின் யூனிட்ராக் தண்டவாளம் (அடிப்பகுதியோடு வரும், கையாலேயே மாட்டலாம்), 315 மி.மீ. ஆரத்தில் ஒரு நீள்வட்டம். உள்ளே 282 ஆரத்தில் இன்னொரு சுற்றுச் சேர்க்கும் எண்ணம் இருக்கிறது. தினமும் வீடு துடைக்கும்போது எல்லாவற்றையும் கழற்றி எடுத்து, சாயங்காலம் மறுபடி மாட்டி, அதற்குள் பையனுக்குத் தூக்கம் வந்துவிடுகிறது.

நிலைமை இதுதான். வாடகை வீடு, சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. அறை 10-க்கு 11 அடி, அதில் ஒரு கட்டில் போக ஒரு சுவர் ஓரமாக 9 அடி நீளம், மூன்று அடி அகலம் கிடைக்கும். என்னிடம் ஒரு டிரில் மெஷினும் ஸ்குரூடிரைவரும் இருக்கின்றன, அவ்வளவுதான். மரம் அறுக்க இடம் கிடையாது, அறுத்தால் கீழ் வீட்டுக்காரர் மேலே வந்துவிடுவார். இரண்டு வருடத்தில் வீடு மாற வேண்டி வரலாம். அதனால் ஆசாரியை வைத்து மேசை செய்வதாக இல்லை, ரெடிமேடாகக் கிடைக்கிற கால் அல்லது ஸ்டாண்டு மட்டும்தான் தேடுகிறேன்.

ஓட்டப் போவது இரண்டு பேர். பையனுக்கு எட்டு வயது. இன்னொருவர் அப்பா, பீச் - தாம்பரம் மீட்டர்கேஜ் எலக்ட்ரிக் வண்டியில் மோட்டார்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். முழங்கால் வலியால் நின்றுகொண்டு பார்க்க முடியாது, நாற்காலியில் உட்கார்ந்துதான் கன்ட்ரோலரைப் பிடிப்பார். ஜப்பான் வண்டி எதற்கு என்று சிலர் கேட்டார்கள். ஜப்பானின் பழைய பாதைகள் 1067 மி.மீ., நம் மீட்டர்கேஜுக்குப் பக்கத்து அளவு. அது போக, அப்பா பிரியமாகப் பேசும் ஒய்ஏஎம்-1 என்ற மீட்டர்கேஜ் எலக்ட்ரிக் இன்ஜின் ஜப்பானில் செய்து வந்ததுதான். அந்தச் சாயல் இந்தச் சின்ன வண்டிகளில் இருக்கிறது என்கிறார், எனக்கு அது போதும்.

கடையில் பார்த்தது: 6-க்கு இரண்டரை அடி பிளாஸ்டிக் ஃபோல்டிங் டேபிள், ஸ்லாட்டட் ஆங்கிள் ரேக் (வரிசையாக ஓட்டை போட்ட இரும்புச் சட்டத்தை நட்டு போட்டு மாட்டும் அலமாரி), தனியாக விற்கும் இரும்பு மடக்குக் கால். கல்யாண மண்டபத்துப் பந்தி மேசை ஸ்டாண்டும் பழைய சாமான் கடையில் கிடைக்கிறது. எது நல்லது? வாங்கி வைத்து அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

போத்தனூர்_ஜங்ஷன்:

முதலில் ஒரு நல்ல செய்தி, உங்கள் அளவுக்கு இரண்டரை அடி சரியாகப் பொருந்தும். 315 ஆரம் என்றால் விட்டம் 630, யூனிட்ராக்கின் அடிப்பகுதி அகலம் 25 மி.மீ., ஆக மொத்தம் 655. மேசை 76 செ.மீ. அகலம் இருந்தால் இரண்டு பக்கமும் ஐந்து செ.மீ. மிச்சம் நிற்கும். வண்டி தடம் புரண்டாலும் கீழே விழ அந்த ஐந்து செ.மீ.யைத் தாண்ட வேண்டும். உள்சுற்று 282-ல் வரும்போது இரண்டு பாதைக்கும் நடுவே 33 மி.மீ. இடைவெளி, அதுவும் இதற்குள்ளேயே அடங்கிவிடும். 348 ஆரத்துக்கு மட்டும் ஆசைப்படாதீர்கள், ஓரத்தில் இரண்டு செ.மீ. கூட மிஞ்சாது.

இதே மேசையில் எச்.ஓ. (என்-கேஜை விடப் பெரிய மாடல் அளவு) வண்டி ஓட்ட நினைத்திருந்தால் வேண்டாம் என்றிருப்பேன். அதில் 438 மி.மீ. ஆரம் என்பதே நெருக்கமான வளைவுதான், அதற்கே ஒரு மீட்டர் அகலம் வேண்டும்.

இப்போது மேசைக்கு வருகிறேன். பிளாஸ்டிக் ஃபோல்டிங் டேபிளில் இரண்டு வகை உண்டு. ஒன்று, பலகை ஒரே துண்டாக இருந்து கால் மட்டும் மடங்குவது. இன்னொன்று, பலகையே நடுவில் சூட்கேஸ் மாதிரி மடங்குவது. நான் இரண்டாவதை வாங்கினேன், தூக்கிப் போக வசதி என்று. நான்கு மாதத்தில் நடுக் கீலுக்குப் பக்கம் கொஞ்சம் தொய்ந்துவிட்டது. கண்ணால் பார்த்தால் தெரியாது. ஆனால் எட்டுப் பெட்டி கோத்து ஓட்டினால் சரியாக அந்த இடத்தில் கப்ளிங் கழன்று பின் பாதி நின்றுவிடும். இரண்டு வாரம் பெட்டியின் மேல் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன், சக்கரத்தையெல்லாம் துடைத்துப் பார்த்தேன். கடைசியில் ஒரு நீள இரும்பு ஸ்கேலை வைத்துப் பார்த்தபோதுதான் மேசை குழிந்திருப்பது தெரிந்தது.

அதனால் ஒரே துண்டுப் பலகை உள்ளதை வாங்குங்கள். அதன் மேலும் தண்டவாளத்தை நேராக வைக்காதீர்கள். பிளாஸ்டிக் வெயிலுக்கும் எடைக்கும் நெளியும். மேலே உங்களுக்கென்று விறைப்பான ஒரு பலகை இருக்க வேண்டும், மேசை அதைத் தாங்கும் கால் மட்டும்தான்.

ஸ்காபரோ_பேஸ்மென்ட்:

தம்பி, நான் கனடாவில் இருந்து எழுதுகிறேன். இங்கே வீட்டுக்குக் கீழே பேஸ்மென்ட் இருப்பதால் இடத்துக்குக் குறைவில்லை, ஆனால் இடம் இருந்தபடியால்தான் நான் பிழை விட்டேன். 8-க்கு 4 அடிப் பலகையை அப்படியே வாங்கி, நீளப் பக்கத்தைச் சுவரோடு ஒட்டி வைத்தேன். எச்.ஓ. வண்டி. பின் மூலையில் வண்டி தடம் புரண்டால் கை எட்டாது. கதிரையில் ஏறி, மேசையில் வயிற்றை ஊன்றி, வடிவாகச் செய்து வைத்திருந்த மரங்களை எல்லாம் முழங்கையால் சாய்த்துத்தான் எடுக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் நின்று எட்டக்கூடிய தூரம் இரண்டரை அடிதான், அதற்கு மேல் வேண்டாம். உங்களுக்கு மூன்று அடி இடம் இருந்தாலும் இரண்டரையோடு நில்லுங்கள்.

இப்போது வைத்திருக்கிற இரண்டாவது லேஅவுட் (பலகையோடு சேர்ந்த தண்டவாள அமைப்பு) என்-கேஜ். அதற்கு இங்கே பலர் செய்கிற ஒரு சுலப வழி இருக்கிறது: உள்ளே வெறுமையான அறைக் கதவு ஒன்றைக் கடையில் புதிதாக வாங்கி, ஏ வடிவத்தில் மடங்கும் இரண்டு கால்களின் மேல் படுக்க வைப்பது. 80-க்கு 36 அங்குலம், நேராக இருக்கும், வளையாது, ஒரு ஆளே தூக்கலாம். ஒரு ஸ்குரூ கூடப் போடத் தேவையில்லை. அங்கே அப்படிக் கதவு கிடைக்குமா என்று பாருங்கள்.

தாம்பரம்_லோக்கல்:

அண்ணா, மிக்க நன்றி. கதவு யோசனை அருமையாக இருந்தது, உடனே ஒரு பிளைவுட் கடையில் போய்க் கேட்டேன். இங்கே கிடைக்கும் ஃப்ளஷ் கதவில் உள்ளே முழுக்கக் கட்டை அடைத்திருக்கிறது. ஒரு முனையைத் தூக்கிப் பார்த்தேன், தனியாக அசைக்க முடியவில்லை. பாத்ரூமுக்குப் போடும் பிவிசி கதவு லேசாக இருக்கிறது, ஆனால் இரண்டு கையால் பிடித்தாலே வளைகிறது.

போத்தனூர் சார், அந்த மேல் பலகைக்கு 12 மி.மீ. பிளைவுட் போதுமா? எம்டிஎஃப் (மர நாரை அழுத்திச் செய்த பலகை) விலை குறைவு என்றும் வழவழப்பாக இருக்கும் என்றும் கடைக்காரர் சொல்கிறார்.

போத்தனூர்_ஜங்ஷன்:

எம்டிஎஃப் வேண்டாம். எடையும் அதிகம், சென்னை ஈரத்துக்கு ஓரம் ஊதிவிடும், செடி, புல் ஒட்டும்போது தண்ணீர் கலந்த பசை விடுவோமே, அதையும் குடித்துவிடும். 12 மி.மீ. பிளைவுட் போதும். ஆறுக்கு இரண்டரை அடித் துண்டு பத்து கிலோ பக்கம் வரும். கடையிலேயே அளவு கொடுத்தால் அறுத்துத் தருவார்கள், உங்கள் வீட்டில் ரம்பம் தேவையில்லை.

வெறும் பிளைவுட் மட்டும் இருந்தால் அதுவும் நாளடைவில் தொய்யும். அடியில் ஒன்றரை அங்குல ரீப்பரை (மெல்லிய மரச் சட்டம்) சுற்றிலும், நடுவில் இரண்டு குறுக்காகவும் வைத்து ஸ்குரூ போடுங்கள். ரீப்பரையும் கடையில் அளவாக வெட்டி வாங்கலாம். இதில் இன்னொரு நன்மை, பலகைக்கும் மேசைக்கும் நடுவே ஒன்றரை அங்குல இடைவெளி கிடைக்கும், ஒயர் எல்லாம் அதற்குள் ஓடும். பிளாஸ்டிக் மேசையை ஓட்டை போட வேண்டியதில்லை. நாளைக்கு லேஅவுட் வேண்டாம் என்றால் மேசை மேசையாகவே இருக்கும்.

முத்துநகர்:

எல்லோரும் மேசையைப் பற்றியே பேசுகிறீர்கள், என் வாக்கு ஸ்லாட்டட் ஆங்கிளுக்குத்தான். தூத்துக்குடியில் ஏழு வருடமாக என் லேஅவுட் அதில்தான் நிற்கிறது. மூன்று அடி நீள ரேக் இரண்டை அருகருகே வைத்து மேலே பலகை. பெரிய வசதி உயரம்தான். மடக்கு மேசை எல்லாம் 74, 75 செ.மீ. என்று ஒரே உயரத்தில் வரும், ஆங்கிளை மட்டும் நீங்கள் சொல்லும் உயரத்துக்குக் கடையில் வெட்டித் தருவார்கள். அப்புறம் அடியில் இரண்டு தட்டு கிடைக்கும். ரயில் பெட்டி, கருவிகள், என் மகளின் பழைய பள்ளிப் புத்தகம் எல்லாம் அங்கேதான். கீழ்த் தட்டில் கனமான சாமானை வைத்தால் ரேக் அசையவே அசையாது. கரையான் பயமும் இல்லை.

கவனிக்க வேண்டியது இரண்டு. மூலைகளில் போடும் முக்கோணத் தகடுகளைக் கேட்டு வாங்கி எல்லா மூலையிலும் மாட்டுங்கள். அது இல்லாவிட்டால் ரேக் பக்கவாட்டில் ஆடும், நட்டை எவ்வளவு முறுக்கினாலும் நிற்காது. இரண்டாவது, கடற்கரைக்குப் பக்கத்தில் இருந்தால் வெறும் பெயின்ட் அடித்தது வேண்டாம். என்னுடைய முதல் ரேக்கில் மூன்றாவது மழைக்காலத்தில் கால் அடியிலிருந்து துரு ஏறத் தொடங்கியது. வீடு துடைக்கிற தண்ணீர் தினமும் காலடியில் தேங்கியதும் ஒரு காரணம். பவுடர் கோட்டிங் செய்ததை வாங்கி, காலுக்கு ரப்பர் புஷ் போடுங்கள்.

தாம்பரம்_லோக்கல்:

அக்கா, ஆங்கிள் ரேக்கில் உட்கார்ந்து ஓட்ட முடியுமா? அப்பாவின் கால் எங்கே போகும் என்பதுதான் எனக்குச் சந்தேகம்.

முத்துநகர்:

அதை நான் யோசிக்கவில்லை, சரியாகக் கேட்டீர்கள். தட்டு இருக்கும் பக்கம் முழங்கால் இடிக்கும். நின்று ஓட்டுபவர்களுக்குத்தான் ரேக் நல்லது. நான் 110 செ.மீ. உயரத்தில் வைத்து நின்றுதான் ஓட்டுகிறேன். உட்கார்ந்து பார்க்கும் அப்பாவுக்கு அடியில் வெறுமையாக உள்ள மேசைதான் சரி. என் வாக்கை மாற்றிக்கொள்கிறேன்.

பெங்களூரு_சிட்டி:

தனிக் கால் பற்றி யாரும் சொல்லவில்லையே. இங்கே நாகசந்திராவில் உள்ள ஐக்கியாவில் ஓலோவ் என்று ஒரு கால் விற்கிறார்கள், 60-லிருந்து 90 செ.மீ. வரை உயரத்தை மாற்றலாம். குழந்தை வளர வளர ஏற்றிக்கொண்டே போகலாம் என்று ஐந்து வாங்கினேன், நான்கு மூலைக்கும் நடுவில் ஒன்றுமாக. நன்றாகவே இருக்கிறது. ஒன்று மட்டும் கவனியுங்கள்: லேசான ரெடிமேட் மேசைப் பலகைகள் சிலவற்றின் உள்ளே தேன்கூடு மாதிரி அட்டைதான் இருக்கும். அவர்கள் குறித்த இடம் தவிர வேறு எங்கே ஸ்குரூ போட்டாலும் பிடிக்காது. இந்த மாதிரித் தனிக்காலுக்கு மேலே ரீப்பர் சட்டம் போட்ட பிளைவுட்தான் ஏற்றது, காலை ரீப்பர் மூலையில் முறுக்கிவிடலாம்.

மண்டபத்துப் பந்தி மேசை பற்றிக் கேட்டிருந்தீர்கள். அந்த ஸ்டாண்டு நல்ல உறுதி, ஐம்பது வருடம் உழைக்கும். ஆனால் அகலம் ஒன்றரை அடி சுமார்தான், இலை போடுகிற அளவு. இரண்டரை அடிப் பலகையை மேலே வைத்தால் இரண்டு பக்கமும் அரை அடி வெளியே நீட்டும். பையன் ஓரத்தில் கை ஊன்றினால் கவிழ்ந்துவிடும். சுற்று வேண்டாம், நேர்ப்பாதை மட்டும் போதும் என்பவர்களுக்குத்தான் அது.

போத்தனூர்_ஜங்ஷன்:

வீடு மாறுவதைப் பற்றி எழுதியிருந்தீர்கள், அதற்கு ஒரு வார்த்தை. ஆறடிப் பலகையை ஒரே துண்டாகச் செய்யாதீர்கள். மூன்று மூன்று அடியாக இரண்டு பலகை செய்து, நடுவில் இரண்டு ரீப்பரையும் சேர்த்து இரண்டு போல்ட், விங் நட் போட்டு இறுக்குங்கள். யூனிட்ராக் இணைப்பைக் கையால் கழற்றலாம் என்பதால் பலகை சேரும் இடத்தில் ஒரு தண்டவாளத் துண்டு முடியும்படி அமைத்தால் போதும், எதையும் அறுக்க வேண்டாம். மூன்றடிப் பலகை லிஃப்டுக்குள் போகும், காரின் பின் சீட்டில் கூடப் போகும். ஆறடிப் பலகையை நான்காவது மாடியிலிருந்து படிக்கட்டு வழியாகத் திருப்பித் திருப்பி இறக்கிய அனுபவம் எனக்கு உண்டு. அதில் ஒரு ஸ்டேஷன் கூரையும் மூன்று சிக்னல் கம்பமும் போயின.

இதையே இன்னும் சிறிதாகச் செய்வதுதான் டி-டிராக். ஒரு மாட்யூல் (தனியாகச் செய்து மற்றதோடு கோக்கும் துண்டு) ஒரு அடி நீளம்தான், யூனிட்ராக் தண்டவாளம்தான், அது சாதாரண மடக்கு மேசை மேல் வைத்து ஓட்டுவதற்கென்றே உருவான முறை. ஒவ்வொரு மாட்யூலுக்கும் அடியில் திருகி உயரம் சரிசெய்யும் போல்ட் இருக்கும். உங்களுக்கு இப்போது அது தேவையில்லை, பின்னால் நான்கு பேர் சேர்ந்து கூடி ஓட்ட ஆசை வந்தால் பாருங்கள்.

ஸ்காபரோ_பேஸ்மென்ட்:

பலகைக்கு மேல் இரண்டு அங்குல ஃபோம் ஒட்டினால் நல்லது தம்பி. தெர்மாகோல் அல்ல, அது உதிரும். கெட்டியாக, வெட்டினால் உதிராத எக்ஸ்பிஎஸ். எடை ஒன்றுமே இல்லை, கத்தியால் ஆறு, குளம், பள்ளம் எல்லாம் வெட்டலாம். ரப்பர் பசை மட்டும் தொட வேண்டாம், ஃபோமைத் தின்றுவிடும்.

தாம்பரம்_லோக்கல்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும், வேலை நடந்துகொண்டிருந்தது.

ஒரே துண்டுப் பலகை உள்ள 6-க்கு இரண்டரை அடி ஃபோல்டிங் டேபிளே வாங்கினேன். மேலே மூன்று மூன்று அடியாக இரண்டு பிளைவுட் பலகை, அடியில் ரீப்பர், மேலே எக்ஸ்பிஎஸ். எக்ஸ்பிஎஸ் மொட்டை மாடியில் வெப்பத்தடுப்புக்குப் போடும் பொருள் என்பதால் அந்த வேலை செய்யும் ஒப்பந்தக்காரரிடம் மிச்சத் துண்டு கிடைத்தது. வெள்ளை ஃபெவிகால் போட்டு ஒட்டி, மேலே அரிசி மூட்டையை ஒரு ராத்திரி வைத்தேன். பலகை நகராமல் இருக்க நான்கு சி-கிளாம்ப் போட்டு மேசை விளிம்போடு பிடித்தேன்.

ஒரு விஷயத்தை நீங்கள் யாரும் சொல்லவில்லை, அடுத்து வருபவர்களுக்காக எழுதுகிறேன். எங்கள் அறைத் தரை பால்கனி பக்கம் சரிந்திருக்கிறது, தண்ணீர் ஓடுவதற்காக. கண்ணுக்குத் தெரியவே இல்லை. இன்ஜினைக் கழற்றிவிட்டுப் பெட்டிகளை மட்டும் நிறுத்தினால் அவை தாமாக மெல்ல நகர்ந்து பால்கனிப் பக்கம் போய்ச் சேர்ந்தன. பையன் பேய் என்றான். அப்பா, லைனில் கிரேடியன்ட் இருக்கிறது, பிரேக் போடாமல் வண்டியை விட்டுப் போகக் கூடாது என்று அவனுக்கு அரை மணி நேரம் பாடம் எடுத்தார். கட்டடத்தில் வேலை செய்யும் மேஸ்திரியிடம் டியூப் லெவல் கடன் வாங்கி வைத்துப் பார்த்தால் ஆறடிக்கு ஒன்றே முக்கால் செ.மீ. இறக்கம், கிட்டத்தட்ட நூற்றுக்கு ஒன்று. பால்கனிப் பக்கக் கால் இரண்டுக்கும் அடியில் தடித்த ரப்பர் புஷ்ஷும் வாஷரும் வைத்துச் சரிசெய்தேன். பலகை மேல் சாமான் ஏற்றுவதற்கு முன்பே இதைச் செய்திருக்க வேண்டும், பின்னால் தூக்கிப் பிடிக்க ஆள் தேட வேண்டியிருந்தது.

இப்போது இரண்டு சுற்றும் ஓடுகிறது. தண்டவாளம் தரையிலிருந்து 84 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. பையனுக்கு நின்றால் சரியாக இருக்கிறது. அப்பாவுக்குத்தான் வண்டியை மேலிருந்து பார்க்கிற மாதிரி இருக்கிறதாம், கூரை மட்டும் தெரிகிறது, இன்ஜின் முகம் தெரியவில்லை என்கிறார். இன்னும் பத்து செ.மீ. ஏற்ற முடியுமா? கால் வட்டக் குழாய், வெளிவிட்டம் 25 மி.மீ., கீழே தனித்தனியாகத்தான் முடிகிறது.

முத்துநகர்:

ஏற்றலாம். 32 மி.மீ. பிவிசி பைப்பை முப்பது செ.மீ. நீளத்தில் நான்கு துண்டு வெட்டி வாங்குங்கள். ஒவ்வொன்றிலும் அடியிலிருந்து பத்து செ.மீ. உயரத்தில் குறுக்காக ஓட்டை போட்டு ஒரு போல்ட் செருகுங்கள். பைப்பைக் காலில் கீழிருந்து ஏற்றினால் கால் அந்த போல்ட் மேல் உட்காரும், மீதி இருபது செ.மீ. காலைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். உள்ளே கொஞ்சம் தளர்வாக இருக்கும், அதற்குக் காலில் இன்சுலேஷன் டேப் சுற்றிக்கொள்ளுங்கள். பால்கனிப் பக்கம் உள்ள இரண்டு பைப்பிலும் ஓட்டையை அந்த ஒன்றே முக்கால் செ.மீ. கூட்டிப் போட்டால் வாஷர் எல்லாம் எடுத்துவிடலாம். பைப்பின் அடி வாயில் மூடி போட மறக்காதீர்கள், இல்லாவிட்டால் துடைக்கும் தண்ணீர் உள்ளே ஏறும். மூடியின் தடிமன் நான்குக்கும் ஒன்றுதானா என்று மட்டும் பாருங்கள்.

தாம்பரம்_லோக்கல்:

நாளைக்குக் காலையில் பைப் கடைக்குப் போகிறேன் அக்கா. அப்பாவும் கூட வருகிறேன் என்கிறார், அளவை அவரே சரிபார்க்க வேண்டுமாம்.